வீட்டுக்கு ஒருத்தர் போதும்

ஜூன் 11, புதன்

மத்தி கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்து நினைவிருப்பது, சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்து அலமாரியின் அடிப்பக்கத்தைப் பார்த்தது. அங்கே இவ்வளவு ஒட்டடை இருப்பது இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் எனக்குத் தெரியாது.

தேவஸி வாசற்படியில் நின்று, "ரோஸிலீ, பூனை மீனைத் தூக்கிட்டுப் போகுது பாரு" என்றார். பெண்டாட்டி தரையில் கிடக்கிறாள், மனுஷன் கண்ணில் முதலில் பட்டது பூனை. கேட்டால், நான் தரை துடைப்பதாக நினைத்தாராம். மல்லாந்து படுத்து யார் தரை துடைப்பார்கள்?

மிச்ச மீனைப் பொரித்தேன். நாளை மறுநாள் டாக்டரிடம் போகிறோம்.

ஜூன் 13, வெள்ளி

இதயம் துடிக்கிற தாளம் தப்புகிறதாம். சின்னக் கருவி ஒன்றை நெஞ்சுக்குள் வைக்க வேண்டும், அதற்கு முன் சர்க்கரை இறங்க வேண்டும், எப்படியும் அக்டோபர் ஆகிவிடும் என்றார் டாக்டர். அதுவரை மாத்திரை.

"வீட்ல உங்ககூட யார் இருக்காங்க?" என்று கேட்டார். தேவஸியைக் காட்டினேன். டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "இது சொல்லிட்டு நிக்காது. திடீர்னு நின்னா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நெஞ்சை அமுக்கிக்கிட்டே இருக்கணும். அதுக்குப் பயிற்சி இருக்கு, கத்துக்கோங்க" என்றார். தேவஸி தலையாட்டினார். மின்சார வாரியத்தில் ஓவர்சியராக இருந்த காலத்தில் புகார் சொல்ல வந்தவர்களிடம் ஆட்டிய அதே தலை.

சாயங்காலம் அயர்லாந்திலிருந்து லின்டா பேசினாள். என் மகள் அங்கே நர்ஸ். ஊர்பேர் தெரியாத வெள்ளைக்காரக் கிழவர்களின் நெஞ்சையெல்லாம் அமுக்குகிறாள், பெற்ற தாயின் நெஞ்சு மட்டும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. "அப்பச்சன்தான் கத்துக்கணும் அம்மச்சி. வேற யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து திருச்சூர்க்காரர்களின் அழுகையையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான், லேசில் அழமாட்டேன்.

ஆனால் பயமாக இருக்கிறது. இதை இங்கேதான் எழுத முடியும்.

ஜூன் 15, ஞாயிறு

பெண்டாட்டிக்கு இதயம் நின்றுபோகலாம் என்று கேட்டதும் ஒரு புருஷன் என்ன செய்வான்? கமிட்டி போடுவான்.

தேவஸி எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கள்ளப்பமும் கோழிக்கறியும் சாப்பிட்டுவிட்டு, அறிவித்தார்: "பயிற்சியைக் காலனி முழுக்கக் கொடுத்துடலாம். நம்ம வீட்டுக்கு மட்டும்னா சுயநலம் ஆயிடும்."

"நீங்க மட்டும் கத்துக்கிட்டா போதும் எனக்கு."

"அதான் சொல்றேன், எல்லாரும் கத்துக்கலாம்."

ஜூன் 22, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம் எங்கள் வீட்டு முற்றத்தில். கட்டன் சாயா நான் போட்டேன். யாருக்குப் பயிற்சி என்பதுதான் விவாதம்.

தலைவர் ஹரிதாசன் தீர்ப்புச் சொன்னார்: "லேடீஸ் போதும். பகல்ல வீட்ல இருக்கிறது அவங்கதானே."

கூட்டத்தில் இருந்த அத்தனை ஆண்களும் ஓய்வு பெற்றவர்கள். பகல் முழுவதும் சங்க அலுவலக மாடியில் சீட்டாடுகிறவர்கள். அவர்கள் வீட்டில் இல்லை என்பது அந்த அளவுக்கு உண்மைதான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சாயா கொடுத்த கை ஏகமனதில் சேராது.

ஜூலை 6, ஞாயிறு

பயிற்சி நடந்தது. சங்கக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பாய் விரித்து, அதன்மேல் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத இரண்டு பொம்மைகள். பின்னால் ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் பொம்மையைவிடப் பெரிதாகத் தேவஸி சிரித்தார்.

பயிற்சி கொடுக்க வந்தவள் ஜிஷா, பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ். சின்னப் பெண், பஸ் கண்டக்டர் குரல். உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆம்பிளைங்க யாரும் இல்லையா?" என்றாள். தேவஸி மைக்கைப் பிடித்து, "அவங்க ஏற்பாடுகள்ல இருக்காங்க" என்றார். மாடியிலிருந்து யாரோ சீட்டை ஓங்கி அடிக்கிற சத்தம் கேட்டது.

இப்படிப்பட்ட பயிற்சிக்கு யார் வருவார்கள் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது, இன்று தெரிந்துகொண்டேன். மாமியாருக்கு முட்டிவலி என்பதால் பதிலுக்கு அனுப்பப்பட்ட ஹரிதாசனின் மருமகள் ஷைனி. சர்டிபிகேட் கொடுத்தால் கனடா விசாவுக்கு உதவுமா என்று இரண்டு முறை கேட்ட கோடி வீட்டுப் பெண். பெயரைப் பதிந்து, பழம்பொரியைத் தின்று, 'க்ளினிக்கில் ஆள் காத்திருக்கு' என்று கிளம்பிய பல் டாக்டர். வீட்டில் புருஷன் டிவி சத்தம் தாங்காமல் வந்த மூன்று பேர். பிறகு பக்கத்து வீட்டு விலாசினி டீச்சர். கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், புருஷன் போய்ப் பல வருஷம் ஆயிற்று. நோட்டும் பேனாவுமாக முதல் வரிசையில் உட்கார்ந்து, ஜிஷாவே திணறுகிற அளவுக்குக் கேள்வி கேட்டார்.

நின்றுபோக வாய்ப்புள்ள இதயங்களெல்லாம் மாடியில் சீட்டாடிக்கொண்டிருந்தன. அவற்றை மறுபடி ஓட்டுவதற்காகக் கீழே நாங்கள் முட்டிபோட்டிருந்தோம்.

விலாசினி டீச்சர் பொம்மையைச் சுற்றிவந்து, "மோளே, எல்லாம் ஆம்பிளைப் பொம்மையா இருக்கே, பொம்பளைப் பொம்மை கிடையாதா?" என்றார்.

"எல்லா நெஞ்சும் ஒண்ணுதான் டீச்சர்."

"அது நமக்குத் தெரியும். மாடியில இருக்கிறவங்களுக்குத் தெரியணுமே."

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் அமுக்கிய அமுக்கில் பொம்மை டிக் டிக்கென்று சத்தம் கொடுத்தது. சரியான ஆழத்துக்குப் போனால்தான் அந்தச் சத்தம் வருமாம். எனக்குக் கொஞ்சமாகத்தான் வந்தது. என்னை அதிகம் சிரமப்படவேண்டாம் என்று ஜிஷா எழுப்பிவிட்டாள்.

கடைசியில் பத்திரிகைக்காரர் வந்ததும் தேவஸி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டார், பொம்மையின் மேல் கை வைத்தார், கேமராவைப் பார்த்தார், எழுந்துவிட்டார். பொம்மை டிக் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பேப்பரில் படம் வந்துவிட்டது. கீழே எழுதியிருக்கிறது: 'குடியிருப்போருக்குப் பயிற்சி அளிக்கும் செயலாளர் தேவஸி.'

ஜூலை 10, வியாழன்

இன்று கட்டிலில் தலையணையை வைத்து, வாங்க, நானே சொல்லித் தருகிறேன் என்றேன். மனுஷன் கண்ணாடியைத் துடைத்தார், ஃபேனைக் குறைத்தார், ஜன்னலைச் சாத்தினார். பிறகு சொன்னார்:

"நீதான் கத்துக்கிட்டாச்சே. வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

"என் நெஞ்சு நின்னா நானே எழுந்து உட்கார்ந்து அமுக்கிக்கணுமா?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

"ஷைனியைக் கூப்பிடுவேன்."

"அவ வேலைக்குப் போயிருந்தா?"

"டீச்சர் இருக்காங்கல்ல. டீச்சர் எங்கேயும் போகமாட்டாங்க."

எல்லாம் ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிறார். ஏற்பாட்டில் அவரைத் தோற்கடிக்க ஆள் கிடையாது. தலையணையைத் தலைக்கே வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டாக்டர், "வீட்ல பயிற்சி எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

தேவஸி நிமிர்ந்து உட்கார்ந்து, "எடுத்துக்கிட்டோம் டாக்டர். காலனிக்கே கொடுத்தாச்சு" என்றார்.

"வெரி குட். உங்க வீட்ல யார் எடுத்தது?"

தேவஸி என்னைக் காட்டினார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாத்திரைச் சீட்டில் எதையோ அழுத்தி எழுதினார். புதிய மாத்திரையாக இருக்கும் என்று பார்த்தேன். 'கணவருக்குப் பயிற்சி' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரன் ஸ்டாக் இல்லை என்று சிரித்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு இவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், நானும் நம்பிவிடுவேன்.

சங்கத்தின் ஓணம் விழா. ஆண்கள் மைதானத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து வடம் இழுத்தார்கள். நாங்கள் ஹரிதாசனின் கார் ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு திருவாதிரை ஆட்டத்துக்கு ஒத்திகை பார்த்தோம். விலாசினி டீச்சர் மட்டும் வெளியே, தரையில் பூவால் கோலம் போடுகிற பூக்களப் போட்டிக்கு நடுவராக மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பூக்களத்துப் பக்கத்தில் விழுந்தார்.

சுற்றி ஆண்கள் நின்றார்கள். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, வடத்தின் இரண்டு பக்கத்திலும் இருந்த எல்லாரும். ஒருவர் டீச்சரின் புடவையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்து மூடினார். ஒருவர் தண்ணீர் தெளித்தார். ஹரிதாசன் 108-ஐக் கூப்பிட்டார், அது ஒன்றுதான் உருப்படியாக நடந்தது. என் புருஷன் என்ன செய்தார் தெரியுமா? மைக்குக்கு ஓடினார். 'லேடீஸ் யாராவது உடனடியா மேடைப் பக்கம் வரவும்' என்று அறிவித்தார். திரும்பத் திரும்ப அறிவித்தார்.

ஷெட்டுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்த பிறகுதான் அறிவிப்பு காதில் விழுந்தது. பாயசம் பரிமாறக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தோம். தலையில் கலைந்த பூவைச் சரி பண்ணிக்கொண்டு, சாவகாசமாக வந்தோம். சாவகாசமா வந்தோம் நாங்க. கடவுளே.

டீச்சரின் முகம் பூக்களத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் மண்டியிட்டு ஆரம்பித்தேன். தேவஸி மைக்கை விட்டுவிட்டு ஓடிவந்து, "ரோஸிலீ, உனக்கு ஆகாது, நீ செய்யாதே" என்று கத்தினார்.

"அப்ப நீங்க செய்ங்க."

நின்றார். ஒரு கை நீளத்தில் நின்றார். கையைக்கூட நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார். நான் பார்த்தேன்.

ஷைனி என்னைத் தள்ளிவிட்டு அமுக்கினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்கினாள்.

செப்டம்பர் 8, திங்கள்

டீச்சர் வென்டிலேட்டரில். மகன் பெங்களூரிலிருந்து வந்துவிட்டான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் சாயா வைக்கும்போது கேட்டுவிட்டேன்.

"பக்கத்துல தானே நின்னீங்க. ஏன் கை வைக்கல?"

"எனக்குத் தெரியாதே."

"பேப்பர்ல வந்துச்சே, நீங்கதான் பயிற்சி கொடுத்தீங்கன்னு."

சாயா டம்ளரை எடுத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர் மாதிரி ஒரு ஸ்திரீ. அத்தனை பேர் பாக்கறாங்க. எங்கே கை வைக்கிறது ரோஸிலீ? நாளைக்கு ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னா?"

"அங்க விழுந்தது நானா இருந்தா?"

"நீ வேற."

"நான் என்ன வேற? எனக்கும் அதே இடத்துலதான் நெஞ்சு இருக்கு. அத்தனை பேர் பாத்திருப்பாங்களே, அப்ப என்ன பண்ணியிருப்பீங்க? மைக்ல கூப்பிட்டிருப்பீங்களா?"

மனுஷன் சாயாவைக் குடிக்காமலே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். முப்பத்து நாலு வருஷத்தில் இவர் நாலு பேர் முன்னால் என் கையைப் பிடித்தது ஒரே ஒரு முறை, அதுவும் கல்யாணத்தில் பாதிரியார் அச்சன் பிடிக்கச் சொன்னதால். கோயில் திருநாள் கூட்டத்தில்கூட எனக்கு ரெண்டடி முன்னால்தான் நடப்பார். நான் தொலைந்து போகக்கூடாது என்று அடிக்கடி திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனா இருந்து என்ன, என் நெஞ்சு நின்னா இவர் வெட்கப்பட்டுக்கிட்டு நிப்பார், நான் போயிடுவேன். அதானே நடக்கப்போகுது?

செப்டம்பர் 10, புதன்

டீச்சர் போய்விட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

வகுப்பில் முதல் மாணவி அவர்தான். பொம்மை அவர் கைக்குத்தான் ஓயாமல் டிக் டிக் என்றது. நாங்கள் இரண்டு பேர் வந்து சேர்வதற்குள் போகவேண்டிய நேரமெல்லாம் போயிருந்தது.

இன்று தூக்கும்போது ஆண்களெல்லாம் முன்னால் வந்தார்கள். தோள் கொடுக்கப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை தொடத் தயங்கிய கைகளெல்லாம் வியாழக்கிழமை தாராளமாகத் தொட்டன. உயிர் போனபிறகு ஒரு ஸ்திரீயைத் தொட்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது.

தேவஸி தோள் கொடுக்கவில்லை. மதிலோரமாக நின்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இரங்கல் கூட்டம். 'நமது சங்கத்து மகளிர் கடைசி வரை போராடினார்கள்' என்று ஹரிதாசன் பேசினார். நமது சங்கத்து ஆடவர் கடைசி வரை வேடிக்கை பார்த்தார்கள் என்பதை நேரமின்மையால் விட்டுவிட்டார். ஷைனி எழுந்து வெளியே போனாள்.

மைக்கைத் தேவஸியிடம் நீட்டினார்கள். அவர் வேண்டாம் என்றார். மைக்கை வேண்டாம் என்று இவர் சொல்லி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "அந்தப் பொண்ணு ஜிஷா, மறுபடி வருமா?"

"லேடீஸுக்கா?" என்றேன். கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆண்களுக்கான பயிற்சி. வந்தவர்கள்: தேவஸி. ஹரிதாசன், முட்டிவலி என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி. வடம் இழுத்த அணியிலிருந்து பெண்டாட்டிமார் தள்ளிக்கொண்டு வந்த இரண்டு பேர். பல் டாக்டர், மறுபடியும் பெயர் பதிய. மற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்குப் பார்த்துக் கல்யாணம், காதுகுத்து, வெளியூர். மாடியில் யாரும் சீட்டாடவில்லை, அதுவே பெரிய முன்னேற்றம்.

நான் ஜிஷாவிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். வீட்டிலிருந்து என் நைட்டி ஒன்றைக் கொண்டுபோய்ப் பொம்மைக்குப் போட்டேன். உள்ளே கொஞ்சம் துணி அடைத்தேன். ஆண்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்த மாதிரி இருந்தார்கள்.

"செயலாளர் ஆரம்பிக்கட்டும்" என்றார் ஹரிதாசன்.

தேவஸி மண்டியிட்டார். நைட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தினமும் கொடியில் உலர்கிற நைட்டி, தெரியாமல் இருக்குமா? கையைக் கொண்டுபோய் வயிற்றில் வைத்தார். ஜிஷா அந்தக் கையை எடுத்து நெஞ்சுக்கு நடுவில் வைத்தாள். பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பது போல லேசாக அமுக்கினார்.

"இன்னும் ஆழமா சேட்டா. இப்படி அமுக்கினா சேச்சி நல்லாத் தூங்கிடும்."

"வலிக்குமே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சாயா டம்ளர்களைக் கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். அவை கழுவித்தான் இருந்தன, இருந்தாலும் எல்லாவற்றையும் மறுபடி கழுவினேன்.

அக்டோபர் 2, வியாழன்

சர்டிபிகேட் வந்தது. பல் டாக்டருக்கு உண்டு. நாற்காலியில் இருந்து குனிந்து அமுக்கிய ஹரிதாசனுக்கும் உண்டு. தேவஸிக்கு இல்லை.

ஜிஷாவிடம் போனில் கேட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்க சேச்சி. சேட்டனுக்கு மனசு இருக்கு, ஆனா அழுத்தம் இல்ல. கொடுத்தா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். இன்னொரு தடவை வரச் சொல்லுங்க" என்றாள். நல்ல பெண். காலனி முழுக்கப் பயிற்சி ஏற்பாடு செய்தவர்தான் இந்தக் காலனியில் பயிற்சியில் தோற்ற ஒரே ஆள். இதைப் பேப்பரில் போடமாட்டார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

லின்டாவின் அறையைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே ஏதோ செய்கிறார். பழைய மெத்தை கிரீச் கிரீச்சென்கிறது. மூச்சு இரைக்கிற சத்தம் வேறு. ஐயோ, இவர் நெஞ்சு நின்றுவிடப் போகிறதே என்று கதவுக்கு வெளியே நான் தயாராக நின்றேன். வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவர் என்னைக் கண்டதும், "கொசு அதிகம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அக்டோபர் 9, வியாழன்

இருபதாம் தேதி கருவி வைக்கிறார்கள். சர்க்கரை ஒருவழியாக இறங்கிவிட்டது.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை என் தங்கை ஜெஸ்ஸியின் மகளுக்கு மனசம்மதம். போகவேண்டாம் என்றார் தேவஸி. நிச்சயத்துக்குப் பெரியம்மா இல்லாமல் எப்படி? கோயிலில் கொஞ்ச நேரம், பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பாடு, உட்கார்ந்தே இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

நாளைக்குப் பச்சைப் பட்டா, வெள்ளைக் கசவுப் புடவையா? கசவுதான். பச்சையில் நான் இன்னும் வெளுத்துத் தெரிகிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

ஆஸ்பத்திரி. எழுதினால் வலிக்கிறது. சிரித்தால் வலிக்கிறது. இருமினால் சொல்லவே வேண்டாம்.

அக்டோபர் 25, சனி

எனக்கு ஒன்றும் நினைவில்லை. கேக் வெட்டினார்கள், ஜெஸ்ஸி ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள், அதுவரைக்கும்தான். மிச்சமெல்லாம் ஜெஸ்ஸி சொன்னது. அவள் எதையும் கூட்டிச் சொல்கிறவள், ஆனால் இதை அழுதுகொண்டே சொன்னாள், அதனால் பாதிக்கு மேல் நம்புகிறேன்.

நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தேனாம். சனம் பின்வாங்கி வட்டமாக நின்றது. யாரோ அச்சனைக் கூட்டிவர ஓடினார்கள், சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூச. தேவஸி யாரையும் கூப்பிடவில்லை. மண்டியிட்டார், புடவை முந்தானையின் ஊசியைப் பிய்த்து எறிந்தார், நெஞ்சில் கை வைத்தார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "என்னய்யா பண்றீங்க, தள்ளுங்க. அவங்க நிம்மதியாப் போகட்டும்" என்று இவர் தோளைப் பிடித்து இழுத்தாராம். இவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. உள்ளே எதுவோ முறிகிற சத்தம் தனக்குக் கேட்டது என்கிறாள் ஜெஸ்ஸி. சம்பந்தி வீட்டுப் பெண்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்களாம்.

எண்ணெயோடு அச்சன் வந்தார். தேவஸி சொன்னது இது, அப்படியே எழுதுகிறேன், ஜெஸ்ஸி இதை மூன்று முறை சொல்லிக் காட்டினாள்:

"எண்ணெய் அப்புறம் அச்சா. எனக்குக் கை தளர்ந்துடுச்சு. வந்து முட்டி போடுங்க. இதோ, இந்த இடம். நல்லா அமுக்குங்க, வலிக்கும்னு பாக்காதீங்க."

அச்சன் சுற்றி நின்ற இடவகைச் சனம் முழுவதையும் ஒரு முறை பார்த்தாராம். பிறகு எண்ணெய்க் குப்பியை ஜெஸ்ஸி கையில் கொடுத்துவிட்டு, அங்கியை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டார். இருவரும் மாறி மாறி அமுக்கினார்கள். அடுத்த தெரு ஆஸ்பத்திரியிலிருந்து கரண்ட் கொடுக்கிற இயந்திரத்தோடு ஆட்கள் வரும்வரை அமுக்கினார்கள்.

விலா எலும்பு மூன்று முறிந்திருக்கிறது. "சரியா அமுக்கினா சில பேருக்கு இப்படி ஆகும், அது ஆறிடும்" என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டுத் தேவஸிக்குக் கை கொடுத்தார். கருவியும் வைத்தாயிற்று, இருபதாம் தேதிக்கு முன்னாலேயே.

உயிரோடு இருக்கிறேன். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது என்றும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசை முடிந்து ஊரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. ஹரிதாசன் குடும்பம், ஷைனி, ஜெஸ்ஸி, மாப்பிள்ளை வீட்டார், தோளைப் பிடித்து இழுத்த பெரியவர்கூட. அவர் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, சுவரோரமாக நகர்ந்துகொண்டார். எல்லோரும் தேவஸியை அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். மைக் இல்லாவிட்டால் என்ன, சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

"வலி எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்கு. பலமாத்தான் அமுக்கியிருக்கீங்க."

"ஆமா" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஹரிதாசன் பார்த்தார், ஷைனி பார்த்தாள், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்த்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து மணியடிக்கும்வரை அவர் விடவில்லை. நான் எழுதுகிற கை அது. திருப்பிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், நான் கேட்கவில்லை.